வெள்ளிக்கிழமைக் கரண்டி

மொன்றியலில் இருந்து பிரசல்ஸுக்கு விமானம் ஏறும் தமிழர்கள் பலர் எனக்கு ஒரு தொலைபேசி எடுக்காமல் ஏறுவதில்லை. "பரம் அண்ணை, அங்க மட்டியும் கிழங்குப் பொரியலும் எந்தக் கடையில திறம்?" என்று கேட்பார்கள். மைத்துனரின் சிநேகிதர், கோயிலில் கண்ட முகம், பல் வைத்தியரிடம் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் என்று யார் யாரோ கேட்டிருக்கிறார்கள். நானும் சளைக்காமல் சொல்வேன். வாசலில் ஆளை நிறுத்திக் கூப்பிடும் கடைக்குப் போகவேண்டாம். சாப்பாட்டின் படம் அச்சடித்த பட்டியலைக் கண்டால் அப்படியே திரும்பிவிடுங்கள். மட்டி கறுப்புச் சட்டியில், மூடியோடு, ஆளுக்கொரு சட்டியாக வரவேண்டும். மூடியைக் கவிழ்த்து வைத்து வெறும் ஓடுகளை அதற்குள் போடுங்கள். முதல் மட்டியை முள்ளுக்கரண்டியால் எடுத்தபின், அதன் ஓட்டையே இடுக்கி போலப் பிடித்து மற்றவற்றைப் பிடுங்கித் தின்னுங்கள். பொரியல் தனிப் பாத்திரத்தில் வராவிட்டால் எழும்பி வாருங்கள். இவ்வளவையும் அடித்துச் சொல்லும் நான் பெல்ஜியத்தில் இதுவரை கால் வைத்ததில்லை.

போன மாதம் என் மகள் அபியும் இதே கேள்வியைக் கேட்டாள். அவள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உணவு விஞ்ஞானம் படிக்கிறாள். நாலு மாதப் பயிற்சிக்குப் பிரசல்ஸ் போகிறாள். நான் வழக்கமான பல்லவியைத் தொடங்கியதும் இடைமறித்தாள்.

"அப்பா, போகாத ஊருக்கு நீங்க எப்பிடி வழி சொல்றீங்க?"

"ஊருக்குத்தான் நான் போகேல்லை. அந்த ஊர்ச் சட்டிக்கு முன்னால இருபத்திரண்டு வருசம் நிண்டிருக்கிறன்" என்றேன்.

சிரித்தாள். பிறகு, "அப்ப அதை எழுதி அனுப்புங்கோ, ஃபிளைட்டில வாசிக்கிறன்" என்றாள். நான் விட்டுவந்த சமையலறையில் புதிதாகச் சேர்ந்தவர்களும் இரண்டொரு முறை கேட்டிருக்கிறார்கள். ஆகவே எழுதுகிறேன். எனக்கு அடக்கம் குறைவு என்று என் மனைவி சொல்வாள். வாசிக்கும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவும்.

இந்த நாட்டுக்கு அகதியாக வந்து, துறைமுகப் பக்கம் ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கி, அது மூடப்பட்டதும் ஒரு பீட்சாக் கடையில் மா குழைத்து, நாற்பத்து மூன்றாவது வயதில் மடாம் ஜிஸ்லேனின் உணவகத்துக்கு வந்து சேர்ந்தேன். மொன்றியலின் வில்லரேப் பகுதி ஓரத்தில் பதினாறு மேசை போட்ட கடை அது. மடாம் பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துப் பக்கம் பிறந்தவர். மெலிந்த உயரமான பெண். வெள்ளை ஏப்ரன் எப்போதும் இஸ்திரி போட்டிருக்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம்.

அவருடைய ஏப்ரன் பையில் எந்நேரமும் ஆறு கரண்டிகள் இருக்கும். அடுப்படிக்கு வருவார், ஒரு கரண்டியை எடுத்து உங்கள் கையில் தருவார், "கூத்தே" என்பார். ருசி பாருங்கள் என்று பொருள். நீங்கள் ருசி பார்த்தபின் இன்னொரு கரண்டியால் தானும் பார்ப்பார், சில நாள் பார்க்கமாட்டார். பாவித்த கரண்டி இரண்டாம் தடவை சட்டிக்குள் போகக்கூடாது. அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த உருக்குக் குவளைக்குள் டங் என்று விழவேண்டும். நாள் முழுவதும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சமைக்கத் தெரியாதவனை அவர் மன்னிப்பார். ருசி பார்க்காதவனை மன்னிக்கமாட்டார்.

மட்டி வேலை விடியற்காலையில் தொடங்கும். பிரின்ஸ் எட்வேட் தீவில் இருந்து சாக்குகளில் வரும். ஒவ்வொன்றாகக் கையால் பார்ப்போம். உடைந்தது குப்பைக்கு. வாய் திறந்திருந்தால் மேசையில் ஒரு தட்டு. உயிர் இருந்தால் மெல்ல மூடிக்கொள்ளும், மூடாவிட்டால் அதுவும் குப்பைக்கு. ஓட்டுக்கு வெளியே தொங்கும் தாடி போன்ற நாரை ஒடுங்கிய பக்கமாக இழுத்துப் பிடுங்கவேண்டும். உப்பில்லாத நல்ல தண்ணீரில் ஊறப்போட்டால் செத்துவிடும் என்பதால் ஈரத்துணி போர்த்திக் குளிரில் வைப்போம். சமைப்பது என்னவோ நாலு நிமிட வேலைதான். வெண்ணெயில் செலரியும் சின்ன வெங்காயமும் வதங்கும். மட்டியைக் கொட்டி, வெள்ளை வைன் ஊற்றி, மூடி, பெருநெருப்பில் இரண்டு தரம் குலுக்கினால் வாய் திறக்கும். உப்புப் போடக்கூடாது. கடலை அது தன் வாய்க்குள் கொண்டுவருகிறது.

வெள்ளிக்கிழமைதான் விதிவிலக்கு. அன்று மடாமின் தாயாருடைய முறைப்படி லீக்ஸும் கிரீமும் போட்ட மட்டி. அதற்கான குழம்பைக் காலையிலேயே மட்டி வெந்த சாறு சேர்த்துப் பெரிய அண்டாவில் காய்ச்சி, உப்புப் போட்டு வைத்துவிடவேண்டும். மாலையில் பதினாறு மேசையும் அதற்காகவே நிரம்பும். என் கதை முழுக்க அந்த வெள்ளிக்கிழமை அண்டாவுக்குள்தான் கிடக்கிறது.

நான் கடைக்கு வந்த அடுத்த வருடம் அபி பிறந்தாள். பிந்திக் கல்யாணம், பிந்திப் பிள்ளை, அதுவும் ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்த பிள்ளையை ஓட்டை வழியே ஒரு விரலால் மட்டும் தொடலாம். அன்று வீட்டுக்கு வந்து அம்மன் படத்துக்கு முன் நின்று, "இந்தப் பிள்ளையைத் தந்துவிடு, சாகும்வரை வெள்ளிக்கிழமையில் என் நாக்கில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் படாது" என்று நேர்ந்துகொண்டேன். எங்கள் ஆட்களில் பலர் வெள்ளியில் மச்சம் தின்பதில்லை. ஆனால் பழக்கம் வேறு, நேர்த்தி வேறு. நான் படித்தவன் இல்லை, பகுத்தறிவு பேசுபவனும் இல்லை. பயந்து போன தகப்பன்.

நேர்ந்தபடியே அடுத்த ஏழு வெள்ளிக்கிழமையும் கடையில் மத்தியானத்துக்குப் பொரித்த கிழங்கை மட்டுமே தின்று விரதம் காத்தேன். கிழங்கு மரக்கறிதானே. பொரிக்கும் கொழுப்பு நிலவறையில் வெள்ளைக் கட்டிகளாக அடுக்கியிருக்கும். மாரிக் குளிரில் எங்கள் வீட்டுப் போத்தலில் தேங்காய் எண்ணெய் உறைந்தால் இப்படித்தான் இருக்கும், ஆகவே இதுவும் அதுபோல ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். எட்டாவது வெள்ளி நான் தட்டோடு நின்றபோது, பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

அலோசியஸ் சிரித்தான். நாங்கள் அலோ என்போம். மட்டக்களப்பான், கத்தோலிக்கன், என்னைவிட ஆறு வயது இளையவன், எனக்கு முன்பே அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன்.

"என்ன கா அண்ணன், விரதத்துக்கு மாட்டுக் கொழுப்பா?" என்றான்.

"என்ன?"

"அது மாட்டுக் கொழுப்பு. பெல்ஜியக்காரர் அதிலதான் பொரிப்பாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

தட்டை வைத்துவிட்டுப் பின்வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அலோ பின்னால் வந்து தண்ணீர் தந்தான். பிள்ளையின் கதையைச் சொன்னேன். அவன் சிரிப்பை விட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தான். "இந்த ஏழு கிழமையும் புள்ள எப்படி?" என்று கேட்டான். நிறை கூடி வருகிறது, ஒரு குழாயைக் கழற்றிவிட்டார்கள் என்றேன். "அப்ப அம்மன் தெரியாமச் செஞ்சது எண்டு விட்டுட்டா. இனித் தெரிஞ்சு செய்யாதீங்க" என்றான். எந்தக் குருக்களும் அதைவிட நல்ல பரிகாரம் சொல்லியிருக்கமாட்டார்.

அன்றிலிருந்து எங்கள் ஒப்பந்தம் தொடங்கியது. மட்டி துப்புரவு செய்யும் என் கைவேகத்தைப் பார்த்து மடாம் என்னை விரைவிலேயே அடுப்புக்கு ஏற்றிவிட்டார். மற்ற நாள்களில் நான் ருசி பார்ப்பேன். வெள்ளிக்கிழமை உப்பைக் கண்ணால் போடுவேன், அலோ தொட்டியில் இருந்து வந்து ஒரு கரண்டி குடித்துப் பார்த்து, "சரி அண்ணன்" என்பான். "இன்னும் ஒரு நுள்ளு" என்றால் போடுவேன். அவன் நாக்குக்கு நான் தலைவணங்குவேன். வைன் போத்தல் மாறினாலும் கண்டுபிடிப்பான்.

பிறகு மடாம் வந்து கரண்டியை நீட்டுவார். நான் அண்டாவில் அள்ளி, உதட்டுக்குக் கிட்டக் கொண்டுபோய் ஊதி, கட்டளைச் சீட்டுகளைப் பார்ப்பது போலச் சுவர்ப் பக்கம் திரும்பி, கரண்டியைக் குவளைக்குள் போட்டுவிட்டுத் தலையாட்டுவேன். டங். வெள்ளியில் அவருக்கு முன்னறையில் தலைக்கு மேல் வேலை, ஆகவே உடனே போய்விடுவார். பத்தொன்பது வருடம் இந்த நாடகம் நடந்தது. முதல் வருடம் பயம் இருந்தது. பிறகு பழகிவிட்டது. உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ருசி பார்க்காதவனை மன்னிக்காத பெண்ணிடம், கிழமையின் பெரிய நாளில் நான் ருசி பார்ப்பதில்லை என்று சொல்லும் துணிவு எனக்கு இருக்கவில்லை. அவ்வளவுதான்.

தொற்றுக்காலத்தில் கடை மூடித் திறந்தபோது பழைய சமையற்காரர் இருவர் திரும்பி வரவில்லை. அந்த நேரம் அலோவின் கைகள் கெட்டிருந்தன. இருபது வருடக் கொதிதண்ணீரும் சவர்க்கார மருந்தும் சேர்ந்து தோலைப் பிளந்துவிட்டன. இனிமேல் ஈரத்தில் கை வைக்கக்கூடாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்துவிட்டார். தொட்டிக்குப் போக முடியாது, வேறு தொழிலும் கைவசம் இல்லை. நான் மடாமிடம் போய், அவனை அடுப்பில் என் பக்கத்தில் நிறுத்துங்கள் என்று கேட்டேன்.

"அவருக்குச் சமைக்கத் தெரியுமா?"

"ருசி தெரியும், மடாம். என்னைவிடத் தெரியும்."

யோசித்தார். "ஈஸ்டர் வரைக்கும் பார்ப்போம். அவருடைய கையால் போன ஒரு சட்டி திரும்பி வந்தாலும், என்னால் வைத்திருக்க முடியாது. அவருக்கு விளங்கும்படி நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றார்.

அலோவின் பிரெஞ்சு கடைசிவரை இருபது சொல்லைத் தாண்டவில்லை. மடாம் சொல்வதை அவனுக்கும், அவன் சொல்வதை மடாமுக்கும் நான்தான் சொல்வேன். அன்றும் சொன்னேன். "நான் பாத்துக்குவன் அண்ணன்" என்றான்.

அந்த மாசியில் அவனுக்கும் அந்தத் தொற்று நோய் வந்து, மூன்று நாள் காய்ச்சல், வீட்டில் இருந்து குணமாகித் திரும்பி வந்தான். சுகமா என்றால், "குதிரை மாதிரி" என்றான். ஒருநாள் பின்னேரம் நான் சீனி போட மறந்து கொடுத்த தேத்தண்ணியை முழுவதும் குடித்துவிட்டு, "நல்லாரிக்கு" என்றான். இன்னொரு நாள் சோற்றில் மிளகாய்த்தூளை மண் மாதிரிக் கொட்டித் தின்றான். மட்டக்களப்பாருக்கு நாக்கு மரத்துப் போச்சு என்று நான் பகிடி பண்ணினேன். அவன் சிரிக்கவில்லை. நாலு நிமிடத்தில் மட்டி வாய் திறப்பதைச் சத்தத்தில் அறிகிற நான், பக்கத்தில் நிற்பவனின் முகத்தைப் படிக்கவில்லை. அதை இன்றுவரை என்னால் எனக்கே மன்னிக்க முடியவில்லை.

ஈஸ்டருக்கு மூன்று கிழமை இருந்த ஒரு வெள்ளிக்கிழமை. அன்று வெண்ணெய் வழக்கமான பெட்டியில், வழக்கமான நிறத்தாளில் வந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில் உப்புச் சேர்த்தது என்று போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. நாங்கள் ஒருநாளும் உப்பு வெண்ணெய் எடுப்பதில்லை. அண்டாவில் வெண்ணெயைத் தாராளமாக உருக்கி, லீக்ஸை வதக்கி, மட்டிச் சாறும் கிரீமும் ஊற்றி, என் கண்ணளவு உப்பையும் மேலே போட்டேன். நாக்கு வைத்த எவனும் அதே இடத்தில் பிடித்திருப்பான்.

"அலோ, பார்."

ஒரு கரண்டி குடித்தான். கொஞ்சம் நின்றான். "சரி அண்ணன்" என்றான். அன்று மடாமுக்குக் கரண்டியோடு அடுப்படிக்கு வரவே நேரம் கிடைக்கவில்லை.

மாலை ஏழு மணிக்கு முதல் சட்டி திரும்பி வந்தது. மூடியைத் திறந்து ஒன்றிரண்டு மட்டி மட்டும் தின்றிருந்தார்கள். உப்பு என்றாள் பரிமாறும் பெண். நான் நம்பவில்லை, வெண்ணெய்த் தாளை எடுத்துப் பார்த்தபோதுதான் அந்தச் சின்ன எழுத்து கண்ணில் பட்டது. ஐந்து நிமிடத்தில் இன்னும் மூன்று சட்டி வந்தது. அவளுக்குப் பின்னால் மடாம் வந்தார்.

அண்டாவில் ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கரண்டியைக் குவளைக்குள் போட்டார். டங்.

"இதை யார் ருசி பார்த்தது?" மிக மெதுவாகக் கேட்டார்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. அலோவின் பெயரைச் சொன்னால் அவனுக்கு அடுப்பும் இல்லை, தொட்டியும் இல்லை.

"நான்தான், மடாம்" என்றேன்.

மடாம் என்னைப் பார்த்தார். இருபது வருடம் உப்பு அளவு பிசகாத மனிதன் இதைக் குடித்துவிட்டு மேசைக்கு அனுப்பினானா என்று அவருக்கு விளங்கவில்லை. பையில் இருந்து ஒரு கரண்டியை எடுத்து, திரும்பி வந்த ஒரு சட்டியில் தானே அள்ளி, என் வாய்க்கு நேராக நீட்டினார்.

"கூத்தே."

இந்த முறை சுவர்ப் பக்கம் திரும்ப வழியில்லை. கரண்டியில் ஒரு மட்டியும் கிடந்தது. எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி ஞாபகம் வந்தது. அபிக்கு அப்போது பத்தொன்பது வயது, நல்ல சுகத்தோடு எங்கோ பேருந்தில் போய்க்கொண்டிருப்பாள். ஒரு வாய் உப்புத்தண்ணீரால் அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று அறிவு சொன்னது. நான் வாயைத் திறந்தேன்.

கரண்டி பறந்துபோய்ச் சுவரில் மோதியது. அலோ தட்டிவிட்டிருந்தான்.

"நொன், மடாம்! வாந்த்ரெதி! லூய், பா மான்ஜே!" என்று கத்தினான். வெள்ளிக்கிழமை, இவர் சாப்பிடுவதில்லை என்பதை அவனுக்குத் தெரிந்த நாலைந்து சொல்லில் சொல்லிவிட்டான். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன கா அண்ணன், புள்ளைக்கு வச்ச நேத்தியை உப்புக்காக விடுறதா? நான்தான் ருசி பார்த்தன் எண்டு சொல்லுங்க. எனக்கு நோய் வந்ததில இருந்து நாக்கில ஒண்டும் தெரியுதில்லை எண்டும் சொல்லுங்க. சொன்னா அடுப்பை விட்டு இறக்கிப் போடுவாங்க எண்டு பயத்தில மறைச்சுப் போட்டன். சொல்லுங்க" என்றான்.

மடாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன சொல்கிறார்?"

அவன் சொன்னதில் ஒரு சொல்கூட அவருக்கு விளங்கியிராது. என் வாயில் என்ன வருகிறதோ அதுதான் அவன் சொன்னது. உப்பு வெண்ணெய்க் கதையை மட்டும் சொல்லி, வெள்ளிக்கிழமைக்கு வேறு காரணம் கட்டி, இருவரும் தப்பியிருக்கலாம். பத்தொன்பது வருடம் பொய் சொல்லிப் பழகியவனுக்கு அது பெரிய வேலையா? ஆனால் அவன் எனக்காகத் தன் சோற்றைத் தட்டிவிட்டு நிற்கிறான். அவனுடைய உண்மையை வாங்கி நான் பொய்யாக்கிக் கொடுத்தால் என்னைவிடக் கீழானவன் இருக்கமுடியாது. சொன்னேன். அவன் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். பிறகு என்னுடையதையும் சொன்னேன், கரண்டியைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோகும் விதம் உட்பட.

"எத்தனை வெள்ளிக்கிழமை?"

"பத்தொன்பது வருசம், மடாம்."

மடாம் அங்கே கவிழ்ந்து கிடந்த ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அவர் சமையலறையில் உட்கார்ந்து நாங்கள் கண்டதில்லை.

"உங்கள் விரதம் உங்களுடையது, மிஸ்யூ பரம்" என்றார். "அதில் எனக்குப் பேச்சில்லை. பொய் மட்டும் என்னுடைய சட்டிக்குள் விழுந்தது." எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ருசி பார்க்காத ஒருவர், ருசி தெரியாத ஒருவர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாக்குக்கூட இல்லை."

அவ்வளவுதான் திட்டு. எழும்பி அண்டாவைத் தானே சரித்துத் தொட்டியில் ஊற்றினார். முன்னறைக்குப் போய் மேசை மேசையாக மன்னிப்புக் கேட்டார். திரும்பி வந்து சட்டைக் கையை மடித்து, எழுபதைத் தாண்டிய வயதில் அடுப்புக்கு முன் நின்றார். செலரி, வெங்காயம், வைன். எல்லா மேசைக்கும் சாதாரண மட்டி. நான் குலுக்கினேன், அவர் ருசி பார்த்தார், அலோ கிழங்கு வெட்டினான். "நாளைக்குப் பத்து மணிக்கு இருவரும் வாருங்கள்" என்று சொல்லிவிட்டு எங்களை அனுப்பினார்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் போனோம். அலோ தன் பூட்டுப் பெட்டியின் திறப்பைக் கையிலேயே கொண்டுவந்திருந்தான், கொடுத்துவிட்டுப் போக. மடாம் பொரியல் கொப்பரையைச் சூடாக்கி வைத்திருந்தார். முதல் தரம் பொரித்து ஆறவைத்த கிழங்கு மூன்று கூடைகளில் இருந்தது. எங்கள் பொரியலுக்கு இரண்டு தரம் பொரிப்பு. முதலில் மெல்லிய சூட்டில் உள்ளே வேகவேண்டும். ஆறியபின் கொதிசூட்டில் மேல் முறுகவேண்டும். அந்த இரண்டாவதைக் கணம் தப்பாமல் தூக்கவேண்டும்.

"இவரைத் தொட்டிக்கு முன்னால் நிற்கச் சொல்லுங்கள். பழைய இடத்தில். திரும்பிப் பார்க்கக்கூடாது. எப்போது தூக்கவேண்டுமோ அப்போது கையை உயர்த்தச் சொல்லுங்கள்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொட்டி இருப்பது கொப்பரைக்கு நேர் முதுகுப் பக்கம். இருபது வருடம் அலோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினான். அவன் காதுக்குள் எத்தனை ஆயிரம் கூடை பொரிந்திருக்கும்!

முதல் கூடை இறங்கியது. கொழுப்பு பெருஞ்சத்தம் போட்டது, பிறகு மெல்ல அடங்கியது, சத்தம் மெலிந்து ஒரு சலசலப்பாக வந்தபோது அலோவின் கை உயர்ந்தது. மடாம் தூக்கினார். பொன்னிறம். இரண்டாவது கூடை. கை உயர்ந்தது. பொன்னிறம். மூன்றாவதைத் தூக்கி, ஒரு துண்டைக் கடித்து, மடாம் என்னைப் பார்த்தார்.

"பொரியலுக்கு நாக்கு வேண்டாம். உப்பை நான் அளந்து வைக்கிறேன். தண்ணீரும் இல்லை, கையும் ஆறும். சொல்லுங்கள்."

சொன்னேன். அலோ திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு அழுதான். நான் அழவில்லை என்று எழுதினால் அபி நம்பமாட்டாள்.

எனக்கும் தண்டனை இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மடாம் எனக்குக் கரண்டி தருவதை நிறுத்திவிட்டார். நாலு மணிக்குத் தானே வந்து அண்டாவை ருசி பார்ப்பார். பத்தொன்பது வருடம் பொய்யாக ஆட்டிய தலையை இனி ஆட்டவேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய சுகம் என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன். அதே நாலு மணிக்கு அலோ ஒரு சின்னத் தாச்சியில் கடலை எண்ணெய் விட்டு, எனக்கென்று ஒரு தட்டுக் கிழங்கு பொரித்துத் தருவான். "அம்மன்ர பொரியல்" என்று அதற்குப் பெயர்.

இன்னொன்றும் நடக்கும். மடாம் ருசி பார்த்துவிட்டுப் போனதும், அலோ கொப்பரையை விட்டு வந்து அண்டாவில் ஒரு கரண்டி அள்ளிக் குடிப்பான். நான் அவன் முகத்தைப் பார்ப்பேன். "ஒண்டும் இல்லை அண்ணன்" என்பான். டங். திரும்பிப் போய்விடுவான். வைத்தியர், சிலருக்கு வரும், சிலருக்கு வராது, காத்திருங்கள் என்று சொல்லியிருந்தார். ஒவ்வொரு வெள்ளியும் நாங்கள் காத்திருந்தோம். இரண்டு வருடத்துக்கு மேல்.

அபி, பிரசல்ஸில் எங்கே மட்டி சாப்பிடலாம் என்று கேட்டாய். கடைப் பெயர் எனக்குத் தெரியாது. உள்ளே போனதும் சமையலறைப் பக்கம் காதைக் கொடு. கரண்டி விழும் சத்தம் அடிக்கடி கேட்டால் உட்கார். பொரிப்பவன் கொப்பரையைப் பார்க்காமல் பேசிக்கொண்டே சரியான நேரத்தில் கூடையைத் தூக்கினால், இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கு. நீ வெள்ளிக்கிழமையும் சாப்பிடலாம். நேர்ந்தது நான், நீ இல்லை.

போன வருடம் புரட்டாதியில் என் கடைசி வேலை நாள். வெள்ளிக்கிழமையாகத்தான் வந்தது. காலையில் அண்டாவைக் காய்ச்சினேன். கண்ணளவு உப்பு. நாலு மணிக்கு மடாம் வந்தார், கரண்டி எடுத்தார், குடித்தார். "நன்றாக இருக்கிறது, மிஸ்யூ பரம்" என்றார். அவருக்குக் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது.

அலோ கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். வழக்கம்போல அள்ளிக் குடித்தான். நான் முகத்தைப் பார்த்தேன். "ஒண்டும் இல்லை" வரவில்லை. கரண்டி குவளைக்குள் விழவில்லை. வாயை மூடியபடி அப்படியே நின்றான். விழுங்கினான். இன்னொரு கரண்டி எடுத்து மறுபடி குடித்தான்.

"அண்ணன்" என்றான். "உப்புக் குறைவு."

"என்ன சொல்கிறார்?" என்று மடாம் கேட்டார்.

சொன்னேன். மடாம் புதுக் கரண்டியால் மறுபடி ருசி பார்த்தார். நெடுநேரம் வாயில் வைத்திருந்தார். பிறகு உப்புக் கிண்ணத்தில் இருந்து இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்து அண்டாவில் தூவி, கலக்கி, தன் ஏப்ரன் பையில் இருந்து ஒரு கரண்டியை எடுத்து அலோவின் கையில் கொடுத்தார்.

"கூத்தே."

அலோ குடித்தான். தலையாட்டினான். மடாமும் குடித்துத் தலையாட்டினார். குவளையில் இரண்டு தரம் டங் என்றது. பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

நானும் தலையாட்டினேன். அந்த உப்புச் சரியா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று வெள்ளிக்கிழமை.